அப்பா பார்த்துவிட்ட காயங்கள்

கல்யாணத்துக்குப் பிறகு, வேலூரில்தான் 'போல் ஸ்போர்ட்ஸ்' என்ற கம்ப விளையாட்டில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். செங்குத்தான இரும்புக் கம்பத்தில் ஏறி, உடம்பின் பிடியிலேயே தலைகீழாகத் தொங்க வேண்டும். என் கணவருக்குத் தெரியும். ஜவ்வாது மலையில் இருக்கும் அப்பாவிடம் மட்டும் இரண்டு வருடம் மறைத்தேன். அரைக்கால் சட்டையில் என்னைப் பார்த்தால், ஊர் பேசுமே என்று கூனிக்குறுகிப் போவார் என நினைத்தேன்.

புளி உலுக்குகிற சமயத்தில் ஊருக்குப் போயிருந்தேன். கூடையைத் தூக்கும்போது, என் கையில் கன்றிப்போயிருந்த தடங்களை அப்பா பார்த்துவிட்டார். மறுநாள் நான் கிளம்பும்போது வாசலை மறித்து நின்றார்.

"நீ அங்க போவாதம்மா. நம்ம வூட்லயே இரு. யார் இன்னா சொன்னாலும் நான் பாத்துக்கிறேன்."

"ஏம்பா?"

"மாப்ள உன்ன அடிக்கிறாரா?"

கேட்கும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. பதறிப்போய், செல்போனில் இருந்த பயிற்சி வீடியோவைக் காட்டி, கம்பம் அழுத்திய தடங்கள்தான் இவை என்றேன். இரண்டு முறை பார்த்தார்.

"துணி பட்டா வழுக்கும்பா. அதான் இந்த டிரெஸ்" என்றேன், தலையைக் குனிந்தபடி.

"வழுக்குனா வுழுந்துடுவியே! அப்ப இதையே போடும்மா."

அடுத்த மாதம் சென்னையில் நடந்த போட்டிக்கு அப்பாவும் வந்தார். எனக்கு நான்காவது இடம்தான் கிடைத்தது.

ஊருக்குப் பயப்படுவார் என்று நான் நினைத்த மனிதர், புருஷன் வீட்டை விட்டு வந்த மகளாக என்னை அதே ஊரில் வைத்துக்கொள்ள ஒரே நாளில் துணிந்திருந்தார். அவரை அவ்வளவு குறைவாக எடைபோட்டதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.