சங்குக்குச் சுருதி சேர்த்த கிட்டார்

குன்னூரில் ஒரு பள்ளியில் இருபத்து நான்கு ஆண்டுகளாகக் கிட்டார் சொல்லித் தருகிறேன். அடுத்த ஆண்டு ஓய்வு. ஆசிரியரிடம் கற்பதா, தானாகக் கற்பதா என்று பெற்றோர் கேட்டால் முன்பெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்வேன். ஓர் இன்டர்வியூ அந்தத் திமிரை அடக்கியது.

எனக்கு உதவியாக ஓர் ஆசிரியை தேவைப்பட்டார். வந்தவர்களில் கடைசி ஆள் சுகந்தி. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் தற்காலிக வேலை. இலை வரத்து குறைந்தால் முதலில் நிறுத்துவது அவளைப் போன்றவர்களைத்தான். இங்கே வேலை கிடைத்தால் அந்தப் பயம் இல்லை. விண்ணப்பத்தில் ‘பயிற்சி பெற்றது யாரிடம்’ என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

“மாஸ்டர் பேரே போடலியேம்மா. பேரன்ட்ஸ் கேட்டா நான் என்ன சொல்றது?” என்றார் பிரின்சிபல்.

“யாருமில்லீங்க சார். நானாத்தான் கத்துக்கிட்டேன்.”

நான் பியானோ வாசிக்க, அவள் கூட வாசிக்க வேண்டும். பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் முதல் கார்டிலேயே எனக்குப் பல் கூசியது. அவள் கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்துதான் இருந்தன. ஆனால் மொத்தமும் பியானோவைவிட ஒரு மயிரிழை மேலே. தாளில் ‘சுருதி இல்லை’ என்று எழுதினேன். பிரின்சிபல் கடிகாரத்தைப் பார்த்தார். அத்தோடு அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒருத்தி எப்படி இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்ய முடியும் என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“எத வெச்சும்மா ட்யூன் பண்றே?”

“எங்க லைன் வீட்டுல டவர் கெடைக்காதுங்க மிஸ். டவுனுக்கு வர்றப்ப கார்டெல்லாம் படமா போன்ல எறக்கி வெச்சுக்கிட்டேன். சுருதிக்கு ஃபேக்டரி சங்குங்க. அது ஊதறப்ப அஞ்சாம் கம்பிய அதோட சேத்துக்குவேன். மத்ததெல்லாம் அந்தக் கம்பியக் கேட்டு.”

வேறு யாரோடும் சேர்ந்து அவள் வாசித்ததே இல்லை.

“பியானோல அந்த அஞ்சாம் கம்பிச் சுரத்த ஒருக்கா அமுத்துங்க மிஸ்.”

அழுத்தினேன். அவளுக்குக் கொடுக்க சுருதியை முள்ளால் காட்டும் என் கிளிப் ட்யூனரைப் பையில் தேடினேன். அது கையில் அகப்படுவதற்குள் அவள் முடித்துவிட்டாள். கிளிப்பை மாட்டிப் பார்த்தேன். ஆறு கம்பிக்கும் முள் நடுவில் நின்றது.

எனக்கு வெட்கமாக இருந்தது. என் மாஸ்டர் தங்கமான மனிதர். அவரிடம் கற்ற ஆறு ஆண்டுகளும் நான் உள்ளே நுழைந்ததும் கிட்டாரை வாங்கி, சுருதி சேர்த்துத்தான் கையில் கொடுப்பார். அவருக்குப் பிறகு அந்த வேலையைக் கிளிப் பார்த்துக்கொண்டது. சுருதி விலகினால் கேட்கத் தெரியும்; காதால் சேர்க்க எனக்கு வராது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மறுபடி வாசித்தோம். ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் அழுத்த வேண்டிய எஃப் கார்டு வரும்வரை நன்றாகப் போனது. அங்கே அவள் கையை எடுத்துவிட்டு, அடுத்த கார்டில் வந்து சேர்ந்துகொண்டாள்.

“எஃப் மட்டும் வராதுங்க மிஸ். மூணு வருசமா அதச் சுத்திக்கிட்டுத்தான் போறேன்.”

எழுந்துபோய்ப் பார்த்தேன். படத்தில் விரல்கள் தெரியும்; பின்னால் இருக்கும் கட்டைவிரல் தெரியாது. அவளுடையது மேலே ஏறி நின்றது. அதைக் கீழே இறக்கி, முழங்கையை உடம்போடு சேர்த்துவிட்டேன்.

“இப்ப அமுத்து.”

ஆறு கம்பியும் சுத்தமாகப் பேசின. மூன்று நான்கு முறை வாசித்துப் பார்த்தாள்.

“இவ்வளவுதானுங்களா மிஸ்?” என்றபோது அவள் கண் கலங்கியிருந்தது.

‘சுருதி இல்லை’யை அடித்துவிட்டு, “இவங்களையே எடுத்துக்கலாம் சார்” என்றேன்.

“அந்தக் கட்டம்?” பிரின்சிபல் விடுவதாக இல்லை.

சுகந்தி கொஞ்சம் யோசித்தாள். “எஃப்புக்கு மட்டும் உங்க பேரப் போட்டுக்கட்டுங்களா மிஸ்?”

அப்படியே எழுதினாள். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இப்போது யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். தனியாகக் கற்பவருக்குத் தன் தப்பு எங்கே என்று தெரியாது. ஆசிரியரிடம் கற்பவருக்கு, அவர் எதையெல்லாம் செய்து கொடுத்துவிட்டார் என்று தெரியாது.

தினமும் வகுப்புக்கு முன் கிளிப்பைச் சுகந்தியிடம் கொடுத்துவிட்டுக் காதால் சேர்த்துப் பழகுகிறேன். நேற்று ஆறு கம்பியும் சேர்ந்துவிட்டதாக நினைத்து நிமிர்ந்தேன்.

“ஆறாவது இன்னும் கொஞ்சம் கீழ எறங்கணுங்க மிஸ்” என்றாள் அவள், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே.