ஐஸ் பெட்டியில் கடற்பஞ்சு

கடற்பஞ்சில் மருந்து தேடுகிறவர்களுக்கு இரண்டு சாமான் கட்டாயம் வேண்டும்: ஒரு ஐஸ் பெட்டி, "மருந்து எப்ப வரும்?" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு பதில். ஐஸ் பெட்டி என்னிடம் இருக்கிறது. ஆய்வுகூடங்களில் குப்பி கழுவிக் காலம் தள்ளும் சக பாவிகளே, மற்றது உங்களில் யாருக்காவது கிடைத்திருந்தால் எனக்கும் கொஞ்சம் தாருங்கள்.

யாருக்கு ஐஸ்?

எத்தாளைக் கடற்கரையில் எங்களுக்காகக் கடற்பஞ்சு எடுத்துத் தருகிறவர் ரஸீன் நானா (அண்ணனை இங்கே நானா என்பார்கள்), முன்பு கடலட்டை பிடிக்கக் கடலுக்கடியில் சுழியோடியவர். முதல் நாள் கரையில் கூடியவர்களுக்கு நானே விளக்கம் சொன்னேன். கடற்பஞ்சு பாறையில் ஒட்டிக்கொண்டு சீவிக்கும் பிராணி. அதற்கு ஓடவும் முடியாது, கடிக்கப் பல்லும் இல்லை. தின்ன வரும் மீனை உடம்பிலுள்ள நஞ்சால்தான் விரட்டுகிறது. அந்த நஞ்சுகளில் சில புற்றுநோயையும் அடக்கும், வெளிநாட்டில் அப்படி மருந்தே செய்திருக்கிறார்கள் என்றேன். ரஸீன் நானா மட்டும் கண் எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பெட்டிக்குக் கரையில் ஐஸ் வாங்கியதால் தன் மீனுக்கு ஐஸ் போதாமல் நின்ற ஒரு வள்ளக்காரர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தின்னவும் ஏலா, விக்கவும் ஏலா. இதுக்கா தங்கச்சி எங்கட ஐஸ்?"

அவித்த பஞ்சு

மழைக் காலத்தில் ஒருநாள் வழியில் முந்தல் என்ற ஊரில் வெள்ளம் ஏறி என் பஸ் நின்றுவிட்டது. எடுத்ததை ஐஸில் வைக்கும்படி நானாவுக்குப் போனில் சொன்னேன். வெள்ளம் வடிந்து நான் போனபோது ஒரு பையை நீட்டினார். உள்ளே கடற்பஞ்சை அவித்து, காயவைத்து, கடலட்டைக்குச் செய்கிற அத்தனை பக்குவமும் செய்து வைத்திருந்தார். எங்களுக்கு வேண்டியது அவித்த தண்ணீரோடு போயிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் வாய் திறக்கமுன் அவர் சொன்னார்: "கரண்ட் இல்ல, ஐஸெல்லாம் கரஞ்சிட்டு. அழுக உட ஏலுமா தங்கச்சி? எங்கட நஸீராக்கும் இந்த நோய்தானே."

குப்பிக்குள்ளே

நஸீரா அவருடைய மனைவி, நான் அக்காவாய் நினைத்து ராத்தா என்று கூப்பிடுகிறவர். வயிற்றில் புற்றுநோய். அன்றிலிருந்து அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் நான் திரும்பியதில்லை.

ஒரு சிவப்புப் பஞ்சின் சாறு, ஆய்வுகூடக் குப்பியில் வளர்த்த புற்றுநோய்க் கலங்களை, அதாவது செல்களை, கொன்றது. சந்தோசத்தில் நானாவிடம் சொல்லிவிட்டேன். பிறகு பார்த்தால் நல்ல கலங்களையும் கொன்றிருந்தது. அதையும் சொன்னேன். மனிதருக்குக் கொடுக்கும் மருந்தாக வருசக்கணக்காகும், அநேகமானவை பாதி வழியிலேயே நின்றுவிடும் என்றும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கேட்டார்: "ஓம், அது விளங்குது. அவக்கு எப்ப தருவீங்க?"

நஸீரா ராத்தா

நானா வள்ளத்தை இழுக்கப் போயிருந்த நேரம், ராத்தா என்னைக் கட்டிலில் பக்கத்தில் இருத்திக்கொண்டார். இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். நானாவிடம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. ராத்தா என் கையைப் பிடித்தார்: "வேணாம். வரும் எண்டே அவர்ட்ட சொல்லுங்க. கடலுக்கடியில போற மனுசன், திரும்ப மேல வரணுமே."

கத்தம் முடிந்து

ராத்தா கண்ணை மூடி மௌத்தாகும்வரை, நானாவிடம் வரும் என்றே சொன்னேன். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கிழமை நானா போன் பண்ணி என்னைக் கரைக்கு வரச் சொன்னார். பெட்டி நிறைய ஐஸ், நடுவில் அந்தச் சிவப்புப் பஞ்சு. ஐஸ், முதல் நாள் "இதுக்கா எங்கட ஐஸ்?" என்று கேட்ட வள்ளக்காரருடையது, நானா கேட்காமலே கொடுத்தாராம். நான் மூடியைத் திறந்து பஞ்சைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நானா சொன்னார்: "மூடுங்க தங்கச்சி, வெயில் படுது. வேற ஆருக்காச்சும் வரட்டும்."

மருந்து எப்ப வரும் என்று அவர் இப்போது கேட்பதில்லை. ஆய்வுகூடத்துப் பெரியவர்களிடம் நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவர்களிடமும் ஐஸ் பெட்டி மட்டும்தான் இருக்கிறது.