மெதுவாப் போகத் தெரியாத வண்டி

எங்கண்ணன் கார் வாங்குறதுக்கு முன்னாடி எங்க வீட்டுல சைக்கிளத் தவிர வேற வண்டி கிடையாது. உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல வாடகை சைக்கிள் கடை வச்சிருந்தான். மணிக்கணக்குல சைக்கிள விட்டுச் சம்பாதிச்சவனுக்கு, மணிக்கணக்குல காரை விட்டா என்னன்னு புத்தி போனது ஒண்ணும் அதிசயமில்ல. ஆனா அவன் வாங்கிட்டு வந்த காரு இருக்கே, அய்யோ சாமி, அத நெனச்சா இப்பவும் எனக்குப் பல்லக் கடிக்கத்தான் தோணுது.

மலைமேல எஸ்டேட்டுல இருந்த வெள்ளக்காரத் துரை, சீமைக்குத் திரும்பிப் போகும்போது விட்டுட்டுப் போன வண்டி அது. நல்ல சிவப்பு. மேல கூரை கிடையாது, மழை வந்தா இழுத்து மூட ஒரு கேன்வாஸ் துணி, அம்புட்டுத்தான். ஒக்கார ரெண்டே ரெண்டு சீட்டு. தரையோட தரையா இருக்கும். ரோட்டுல ஆடு குறுக்க வந்தா அது மூஞ்சியும் நம்ம மூஞ்சியும் நேருக்கு நேரா நிக்கும். துரை அந்த வண்டியில ரேசுக்கெல்லாம் போவாராம்.

வித்தவரு எஸ்டேட் கணக்குப்பிள்ளை, மலையாளத்துக்காரர். பொய் சொல்லணும்னு அவருக்கு ஒண்ணும் இல்ல. "ஒருபாடு ஓடியதா, கேட்டோ. ரொம்ப ஓடி, மீட்டர் ஒரு சுத்து முடிஞ்சு மறுபடியும் முதல்லருந்து வருது"ன்னு சொல்லித்தான் குடுத்துருக்காரு. அதுக்கு எங்கண்ணன் சொன்ன பதிலு என்ன தெரியுமா? "ஓடிப் பழகுன வண்டிதான் நல்லா ஓடும்." இவன் சைக்கிள் கடையில பழைய சைக்கிள் வாங்குனா செயினத் தூக்கிப் பாப்பான், ரிம்மச் சுத்திப் பாப்பான், நூறு நொட்டை சொல்லுவான். அந்தச் சிவப்பப் பாத்ததும் எல்லாம் மறந்து போச்சு.

அவன் கணக்கு இதுதான். எங்க பக்கம் கல்யாணத்துக்கு மொத நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு நடக்கும். பிள்ளையார் கோயில்லருந்து பொண்ணு வீடு வரைக்கும் மேளதாளத்தோட மாப்பிள்ளைய ஊர்வலமாக் கூட்டிட்டு வருவாக. அதுக்கு மேல தெறந்த வண்டி வேணும். கம்பம், போடி, தேனின்னு பள்ளத்தாக்கு முழுக்க எத்தனை கல்யாணம், எத்தனை மாப்பிள்ள! சீட்டுக்குப் பின்னாடி கேன்வாஸ மடிச்சு வைக்கிற திட்டுல ஜமுக்காளத்த விரிச்சு மாப்பிள்ளைய ஒக்கார வச்சா ராசா மாதிரி இருப்பாருன்னு சொன்னான்.

வாங்கக் காசு எங்கருந்து வந்துச்சுன்னு கேக்கணுமே. எங்கப்பா சாகுறதுக்கு முன்னாடி எனக்குன்னு சேத்து வச்சிருந்த நகை. எங்கம்மா அத எடுத்து அவங்கையில குடுத்துருச்சு. தை பொறக்குறதுக்குள்ள மீட்டுத் தாரேன்னு சத்தியம் பண்ணுனானாம். எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. வண்டி வாசல்ல வந்து நின்ன பொறகுதான் எனக்கே சொன்னாக. நான் பொட்டியத் தெறந்து பாத்தேன், வெறும் வெல்வெட்டுத் துணிதான் கெடந்துச்சு. ரெண்டு நாள் சோறு திங்காம சண்டை போட்டேன். எங்கூடப் படிச்சவளுகளுக்கெல்லாம் இடுப்புல ஒரு பிள்ளை கையில ஒரு பிள்ளை. எனக்குக் கழுத்துல போடக்கூட ஒண்ணுமில்லாம ஆக்கிட்டீகளேன்னு அழுதேன். "போடுறேன் ஆத்தா, டபுளாப் போடுறேன்"னு அண்ணன் சிரிச்சான்.

மொத வாடகை கம்பத்துல, ஒரு பெரிய திராட்சைத் தோட்டக்காரர் மகன் கல்யாணம். அண்ணன் வண்டியத் தேச்சுத் தேச்சு மின்ன வச்சு ஓட்டிட்டுப் போனான். அங்கன போயித்தான் தெரிஞ்சது, அந்த வண்டிக்கு மெதுவாப் போகத் தெரியாதுன்னு. நாயனக்காரர் நாலடி நடந்து நின்னு வாசிப்பாரு, அப்புறம் நாலடி நடப்பாரு. இது மொதக் கியர்லயே எகிறிக்கிட்டு அவரு குதிகாலத் தொட்டுக்கிட்டு நிக்கிது. பிரேக்க மிதிச்சா நின்னுருது, எடுத்தாத் துள்ளுது. காத்து வாங்காம எஞ்சின் சூடேறி, பாதி வழியில ரேடியேட்டர் மூடி தெறிச்சு, கொதி தண்ணி ஆளொசரத்துக்கு அடிச்சிருக்கு. தீப்பிடிச்சிருச்சுன்னு மாப்பிள்ள மாலையோட ரோட்டுல குதிச்சிட்டாரு. மீதித் தூரம் நடந்துதான் போனாரு.

வேகமாப் போறதுக்குன்னே செஞ்ச வண்டிய, மாப்பிள்ளை அழைப்புக்கு வாங்குன ஆளு இந்த ஒலகத்துலயே எங்கண்ணன் ஒருத்தனாத்தான் இருப்பான். நம்ம ஊர்ல மாப்பிள்ள வேகமாப் போனா ஓடிப் போறான்னுல்ல சொல்லுவாக?

அதோட சரி. நடுரோட்டுல மாப்பிள்ளைய எறக்கி விட்ட வண்டின்னு பேராகிப் போச்சு. ஒருத்தரும் கூப்பிடல. வித்துத் தொலச்சிட்டு நகைய மீட்டுருன்னு நான் நச்சரிக்க ஆரம்பிச்சேன். அவனும் அலையாத எடமில்ல. போடியிலருந்து ஒரு ஏலக்காய் யாவாரி வந்தாரு. உள்ள எறங்கி ஒக்காந்தாரு, எந்திரிக்க முடியல. ரெண்டு பேரு கையப் பிடிச்சுத் தூக்கி விட்டோம். வேட்டியத் தட்டிக்கிட்டு, "சரி, மூட்டைய எங்கன வைக்கிறது?"ன்னாரு. வந்தவுகள்லாம் மொதல்ல ஆசையாத் தடவிப் பாப்பாக, அப்புறம் பெட்ரோல் எம்புட்டுக் குடிக்கும்னு கேப்பாக. பெட்ரோல் வெல தாறுமாறா ஏறிக்கிடந்த நேரம் வேற. பதிலக் கேட்டதும் செருப்ப மாட்டிருவாக. கடைசியா அல்லிநகரத்துப் பாத்திரக் கடைக்காரர் ஒருத்தர் வந்து பானட்டச் சுண்டிப் பாத்துட்டு, "அலுமினியம். எடைக்கு வேணா எடுத்துக்கிறேன்"னு சொன்னாரு. எங்கண்ணன் அவர அடிக்கப் போயிட்டான்.

எங்கம்மா, இது சனி பிடிச்ச வேலைதான், குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போயி எள்ளு வெளக்குப் போட்டுட்டு வாங்கன்னுச்சு. அந்த வண்டியிலயேதான் போகணுமாம், அதுக்குத்தான பரிகாரம். சீட்டு ரெண்டுங்கிறதால அண்ணனும் நானும் போனோம். ஒண்ணு சொல்லணும். ரோட்டுல அத விட்டப்ப அது போனது போக்கு! வயலும் தென்னந்தோப்பும் பின்னால பின்னால ஓடுது, எஞ்சின் சத்தம் நெஞ்சுக்குள்ள கேக்குது. எந்நகையெல்லாம் உருகி இதுலதான் ஓடுதுன்னு தெரிஞ்சும், பாவி மனசு சந்தோசப்பட்டுச்சு.

சனீஸ்வரன்கிட்ட வண்டி விக்கணும்னு கும்பிட்டோம். அவரு வேற ஒண்ணக் குடுத்து அனுப்புனாரு. கோயில் வாசல்ல நாங்க எறங்குனத சின்னமனூர்க்காரர் ஒருத்தர் பாத்துருக்காரு. அரைவை மில்லு வச்சிருக்கவரு. மகன் பள்ளிக்கூடத்து வாத்தியார். விசாரிச்சுக்கிட்டு அடுத்த வாரமே பொண்ணு பாக்க வந்துட்டாக.

வந்தவுகள்லாம் வாசல்லயே நின்னுட்டாக, வண்டியச் சுத்திச் சுத்தி. அந்த வாத்தியார் மட்டும் உள்ள வந்து ஒக்காந்தாரு. காபி குடுத்தப்ப, "என்ன புத்தகமெல்லாம் படிப்பீக?"ன்னு கேட்டாரு. அதுக்கு முன்னாடி என்னப் பாக்க வந்தவுக எவரும் எங்கிட்ட நேராப் பேசுனதே கிடையாது, சமைக்கத் தெரியுமான்னு எங்கம்மாட்டதான் கேப்பாக. நான் என்னமோ ஒளறுனேன். ஆனா அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், கட்டுனா இவரத்தான். அவ்வளவு ஆசை வச்சேன், சொல்ல எனக்கென்ன வெக்கம்?

இப்பப் பாருங்க எங்க நெலமைய. வண்டி இருக்குற வீடுன்னுதான் அவுக வந்தாக. வண்டிய வித்தா சம்பந்தம் போச்சு. விக்காட்டி நகை இல்ல, நகை இல்லாட்டியும் சம்பந்தம் போச்சு. அவரோட அப்பா வெத்தலைய மடிச்சுக்கிட்டே, "நகை என்ன போடுறீக தம்பி?"ன்னு கேட்டாரு. அண்ணன் எங்கம்மாவப் பாத்தான், அம்மா என்னப் பாத்துச்சு. அப்ப சொன்னான் எங்கண்ணன், "நகை எல்லாரும் போடுறதுதான மாமா. நாங்க வண்டியவே மாப்பிள்ளைக்குக் குடுத்துர்றோம்."

அந்த மனுசன் மொகத்துல வந்த வெளிச்சத்தப் பாக்கணுமே! "வெளிநாட்டு வண்டி, வச்சிருக்க வச்சிருக்க வெல கூடுமாமே. நாளைக்கே வித்தாலும் ரெண்டு பங்கு நகைக்கு ஆகும்"னாரு. அண்ணன் தலைய ஆட்டுனான். எடைக்கு எடுத்துக்கிறேன்னு சொன்ன பாத்திரக் கடைக்காரர் எங்கண்ணு முன்னால நின்னாரு.

ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம் மாமான்னு கம்பம் ரோட்டுல அந்தப் பெரியவர ஏத்திக்கிட்டுப் போனான் அண்ணன். தலைமுடியெல்லாம் நட்டுக்கிட்டு, சின்னப்பிள்ளையாட்டம் சிரிச்சுக்கிட்டு எறங்குனாரு. எனக்குப் பொறுக்கல. கதவோரம் நின்னு, "மாமா, அது மெதுவாப் போகாது"ன்னு சொல்லிட்டேன். அவரு தொடையத் தட்டிச் சிரிச்சாரு. "அது எதுக்குத்தாயி மெதுவாப் போகணும்?"

அவுக போனதும் எங்கம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிருச்சு. "ஒங்கழுத்துல தாலி ஏறட்டும் ஆத்தா, அப்புறம் அந்த வண்டி நின்னா என்ன, எரிஞ்சா என்ன"ன்னுச்சு. எரிஞ்சா என்னவா? அந்த வீட்டு வாசல்ல ஓடாம நின்னு, காலையில கோலம் போடும்போதெல்லாம் என்னப் பாத்துக்கிட்டு நிக்கப் போறது அதுதான? சொன்னா வாத்தியார் கிடைக்க மாட்டாரு. சொல்லாட்டி ஏமாத்துக்காரியாப் போகணும். நான் சொல்லல.

மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிதான்னு சம்பந்தி வீட்டுல ஒத்தக் கால்ல நின்னாக. சொந்த வண்டி இருக்கையில வேறதுல வந்தா ஊர் சிரிக்காதா? அண்ணன் நாயனக்காரர்கிட்ட போயி, "கொஞ்சம் வெரசா நடங்கண்ணே"ன்னு கெஞ்சிப் பாத்தான். "ஊர்வலத்துக்கு வாசிக்கக் கூப்பிட்டியா, ஓட்டப்பந்தயத்துக்குக் கூப்பிட்டியா?"ன்னு அவரு வஞ்சு விட்டுட்டாரு. ஊர்வலத்தன்னைக்குத் தேனி ஐஸ் கம்பெனியிலருந்து மரத்தூள் போட்டு ஐஸ் பார் கொண்டாந்து பானட்டுக்குள்ள அடுக்குனான். கடைசியில அவனே ஒரு வழி கண்டுபிடிச்சான். எஞ்சினப் போடவே வேணாம். கடைப் பசங்க பின்னாலருந்து சத்தமில்லாமத் தள்ளட்டும், இவன் ஸ்டியரிங்க மட்டும் பிடிச்சுக்கிறது. கூட்டத்துல யாருக்குத் தெரியும்? எனக்கே அதக் கேட்டு உசுரு வந்துச்சு.

சாயங்காலம் இரவல் நகையெல்லாம் போட்டு என்னச் சோடிச்சிருந்தாக. எங்கம்மா தாலியறுத்தவன்னு உள் ரூம்பவிட்டு வெளிய வரல. நான் ஜன்னலோரம் நின்னேன். தெரு மொனையில வெளிச்சம் திரும்புச்சு. வண்டி அழகா, தேர் மாதிரி, அம்புட்டு மெதுவா வருது. மேல வாத்தியார். மாலை, பட்டுச்சட்டை. நடந்துருச்சு, இன்னும் ஏழெட்டு வீடுதான்னு நான் சேலைத் தலைப்பக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

அப்பத்தான் அவுகப்பா பின்னால வந்து பாத்துட்டாரு. "ஏம்ப்பா தள்ளுறீக? ஸ்டார்ட் பண்ணு தம்பி, சத்தம் நாலு ஊருக்குக் கேக்கட்டும்!" அண்ணன் என்னமோ சொல்லிப் பாத்தான். அவரு விடல. கூட்டமும் சேந்து கத்துது. வேற வழியில்லாம அண்ணன் சாவியத் திருகுனான்.

எங்க வீட்டுக்கு நாலு வீடு முன்னால புகை கெளம்புச்சு. மேளம் நின்னுச்சு. மூடி தெறிச்சு, கொதி தண்ணியும் ஐஸ் கட்டியும் மரத்தூளுமாச் சிதறி அடிச்சது. வாத்தியார் குதிச்சிட்டாரு. அண்ணன் தண்ணிய ஊத்தி, மறுபடி திருகிப் பாத்தான். உள்ள ஏதோ ஒடையிற சத்தம் கேட்டுச்சு, அதுக்குப் பொறகு மூச்சே இல்ல. கூட்டத்துல ஒருத்தன், "கம்பத்துலயும் இதேதான் பண்ணுச்சு"ன்னு சொன்னது எனக்கே கேட்டுச்சு. தள்ளிக்கிட்டு நம்ம வாசலுக்கே வாங்க, பேசிக்கலாம்னு யாரோ சொல்லி, வண்டியும் கூட்டமும் எங்க வாசலுக்கு வந்துச்சு.

சம்பந்தி கத்தல. கத்தியிருந்தாத் தேவல. கூட்டத்தப் பாத்து, "இந்த வண்டிய இப்ப வித்தா என்ன வெலைக்குப் போகும்? வெவரம் தெரிஞ்சவுக சொல்லுங்க"ன்னாரு. கல்யாணத்துக்குப் பாத்திரம் எறக்க வந்திருந்த அல்லிநகரத்துக்காரர் தலையக் குனிஞ்சுக்கிட்டு, "எடைக்குத்தாங்க"ன்னாரு.

"அப்ப இந்தப் பொண்ணோட வெல அம்புட்டுத்தான்"னாரு சம்பந்தி.

நான் வாசப்படிக்கு வந்துட்டேன். கல்யாணப் பொண்ணு வரக்கூடாதுன்னு யாரோ பின்னால இழுத்தாக, உதறிட்டேன். வாத்தியாரப் பாத்தேன். எனக்கு வண்டி வேணாம்ப்பான்னு ஒரு வார்த்த. சத்தமாக்கூட வேணாம், மொணங்குனாப் போதும். சாமி, அந்த ஒரு வார்த்தைக்கு எப்புடிக் காத்துக்கிட்டு நின்னேன்! அவரு குனிஞ்சு பட்டுச்சட்டையில இருந்த கறையக் கைக்குட்டையால தொடச்சாரு. தொடச்சுக்கிட்டே இருந்தாரு.

உள் ரூம்புலருந்து எங்கம்மா கேட்டுச்சு. "மேளம் நின்னுருச்சே, மாப்பிள்ள வந்துட்டாகளா ஆத்தா?"

பத்தடி தள்ளி நின்னுக்கிருந்தாரு.

"இல்லம்மா, வரல"ன்னு சொல்லிட்டு, கதவச் சாத்திக்கிட்டு உள்ள போனேன்.