கூட்ட மறந்த அரை மணி

வேலிக்கு இப்பக்கத்து நாட்டுக்கும் அப்பக்கத்து நாட்டுக்கும் கடிகாரத்தில் அரை மணி வித்தியாசம். எல்லைக்கோடு முதன்முறை நகர்ந்து ஊரே அடுத்த நாட்டுக்குள் போனபோது, தையற்காரர் தம் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தின் முள்ளை முன்னே தள்ளினார். கோடு பழைய இடத்துக்கே திரும்பியபோது பின்னே இழுத்தார். சென்ற ஆண்டு மீண்டும் நகர்ந்தது. நாற்காலியில் ஏற அவருக்கு மனம் வரவில்லை.

"மறுபடியும் மாத்துவாங்க, விடு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். அன்று முதல், மணி பார்க்கும்போதெல்லாம் மனத்துக்குள்ளேயே அரை மணியைக் கூட்டிக்கொள்வார்.

மகள் வாழ்க்கைப்பட்ட வீடு கூப்பிடு தூரம்தான். ஆனால் வேலிக்கு அப்பால். வேலிக் கதவு சனிக்கிழமைகளில் பத்து மணி முதல் பதினொன்று வரை மட்டுமே திறக்கும். பேரன் பிறந்து நான்கு மாதங்கள் ஆகியும், தாத்தாவுக்கு இந்த ஒரு சனிக்கிழமைக்குத்தான் அனுமதிச் சீட்டு கிடைத்தது.

பார்க்காத குழந்தைக்குக் குத்துமதிப்பாக ஒரு சட்டை தைத்தார். அவ்வூர்த் தையற்காரர்கள் எல்லாரையும் போல, தையலுக்குள் இரண்டு விரற்கடைத் துணியை மடித்து விட்டிருந்தார். துணி எத்தனை மாதம் கழித்துக் கைக்குப் போய்ச் சேருமோ, யார் கண்டார்கள்?

"என்னங்க, நேரமாகலையா?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"பத்தேகால்தான். ஒரு பொத்தான் பாக்கி."

வழியில் சைக்கிள் கடைக்காரர் நிறுத்தினார். "என்ன மாமா, இன்னைக்கு எந்த நாட்டுல கண்ணு முழிச்சீங்க?"

"காப்பி குடிச்சும் தெரியல மாப்ளே. அதே கசப்புதான்."

வேலிக் கதவில் பூட்டுத் தொங்கியது.

"பதினொன்னு அஞ்சு ஆச்சு, பெரியவரே" என்றார் காவலர்.

"பத்து முப்பத்தஞ்சுதானே..." என்று தொடங்கிய நாக்கு பாதியில் நின்றது. அவசரத்தில் அரை மணியைக் கூட்ட மறந்திருந்தார்.

"சீட்டு இன்னைக்கு மட்டும்தானே தம்பி?"

"புதுசா எழுதிக் குடுங்க. எப்படியும் ரெண்டு மாசம் ஆகும்."

"இந்தச் சட்டையையாவது..."

"கதவு மூடினா ஒரு நூல்கூடத் தாண்டக் கூடாதுங்க."

அப்பால், காத்துச் சலித்த மகள் குழந்தையுடன் திரும்பி நடந்துகொண்டிருந்தாள். அவர் கூப்பிட்டதும் நின்றாள்.

"ஏன்ப்பா இவ்வளவு நேரம்?"

அவள் குழந்தையை உயரத் தூக்கிக் காட்டினாள். முகம் தெளிவாகத் தெரியவில்லை. உடலின் நீளம் மட்டும் தெரிந்தது. தையற்காரரின் கண் தானாகவே அளவெடுத்தது.

வீட்டில், "பாத்தீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"நல்லா வளந்திருக்கான்."

பிளேடை எடுத்துச் சட்டையின் ஓரத் தையலைப் பிரிக்கத் தொடங்கினார். அவள் திரும்பி வந்த சட்டையையும் கடிகாரத்தையும் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, கடிகாரத்தின்மேல் கை வைத்தாள்.

"எந்தப் பக்கம் தள்ளணும்?"

அதற்கும் அவர் சற்று யோசிக்க வேண்டியிருந்தது.