மீட்டர் எண் 78976187

உடையாத ஒன்று இருக்கிறது என்று நம்பி, அதை உடைத்துப் பார்ப்பதிலேயே வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும் மனிதனை என்னவென்று சொல்வது? பாயான் பாரு அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் சந்திரிகா இந்தக் கேள்வியோடுதான் மாலைத் தேநீரை ஆற்றினாள்.

அவள் கணவர் ராமதாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் பரிசோதகர். நல்ல பொருளைக்கூட 'இன்னும் பழுதாகவில்லை' என்றுதான் சொல்வார். அவளுக்கு வேலை கெலுகோரில், பல்கலைக்கழக அலுவலகத்தில். போக்குவரத்து நெரிசலில் தினமும் பாதி உயிர் போயிற்று. அங்கேயே குடிபோகலாம் என்றாள்.

ராமதாஸ் வாசலில் இருந்த மின்சார மீட்டரைக் காட்டினார்.

"இந்த நம்பரப் பாரு சந்திரி. பகா எண். எதாலயும் வகுபடாது. இப்படி ஒரு வீடு லேசுல கிடைக்காதுலா."

"யாரு சொன்னா?"

"ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, எதுவும் போகல. இலக்கத்தை எல்லாம் கூட்டினா அம்பத்தி மூணு. அதுவும் பகா எண்!"

"அது உங்க வயசுங்க."

"வகுபடட்டும், அன்னைக்கே பெட்டி கட்டுறேன்."

சரி என்றாள். அங்கேதான் ஏமாந்தாள். ஒரு நாளைக்கு ஒரு பகா எண்தான் என்றார். கையால்தான் வகுக்க வேண்டும். கால்குலேட்டரை யார் பரிசோதித்தார்கள் என்று கேட்டார். வர்க்கமூலமான 8886 வரை வகுத்துப் பார்த்தால் போதும் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அதற்குள் ஆயிரத்து நூறு பகா எண்களுக்கு மேல் இருந்தன.

இரண்டாம் வருடம் அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் ஹுஸ்னா அந்த எண்ணைக் கணினியில் தட்டினாள். "ரெண்டே துண்டா உடையுதுலா அக்கா. 7919, 9973. முதல் துண்டு ஆயிரமாவது பகா எண்."

சொல்லிவிடும் வேகத்தோடுதான் சந்திரிகா வீடு திரும்பினாள். ராமதாஸ் நாக்கைக் கடித்தபடி நோட்டில் வகுத்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கும் மீதி நின்னுருச்சு!" என்று நிமிர்ந்தார். பள்ளியில் பரிசு வாங்கியவர் முகம். அவராகவே தோற்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். நெரிசல் இன்னும் ஒரு வருடம் நீண்டது.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பதாம் நாள் 7907. மீதி 1071.

மறுநாள், ஆயிரமாவது நாள், அவள் அரை நாள் விடுப்பு எடுத்து வடை சுட்டாள். ராமதாஸ் தொழிற்சாலையிலிருந்து காலி அட்டைப்பெட்டிகளோடு வந்தார்.

"என்னங்க இது?"

"கெலுகோர் போறோம்ல."

"கணக்கு? வகுபட்டுருச்சா?"

"இதுவரைக்கும் இல்ல. எந்தத் தட்ட முதல்ல கட்டணும்?"

"அப்ப ஏன்?"

"வடை ஆறுது சந்திரி."

நோட்டைப் பெட்டியில் வைக்கும்போது அவள் பிரித்துப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தின் தலையில் அவர் கையெழுத்தில் 7919. அதன் கீழே வகுத்துப் பார்த்ததற்கு ஒரு கோடுகூட இல்லை. கெலுகோர் வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. அந்த வீட்டு மீட்டரை அவர் இன்னும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.