ஒரு பெட்டி வளைந்த வால்வுகள்

டயர்க் கடையை மனிதர்கள் நினைப்பது வண்டியில் காற்று இறங்கிய பிறகுதான். வரும்போதோ கோபத்தை மட்டும் முழு அழுத்தத்தில் கொண்டுவருகிறார்கள். பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், பழங்காநத்தத்தில் என் மகள் மலர்க்கொடி நடத்தும் கடையின் கல்லாவில் அமர்ந்து இதை நாள்தோறும் காண்கிறேன். சுடும் புகைக்குழாய்க்கும் சக்கரத்துக்கும் இடையே விரலை நுழைத்து, வால்வின் மூடியைத் தேடித் தவித்த வாசகர்களுக்கு நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

பெட்டி வந்த நாள்

டியூப் இல்லாத டயர்களில் வால்வு பெரும்பாலும் சக்கரத்தின் மையத்தை நோக்கி நேராக நிற்கும். காற்றுக்குழாயின் முனை அங்கே நுழைய மறுக்கும். ஆகவே பலர் காற்றைச் சோதிப்பதையே கைவிட்டுவிடுகிறார்கள். பக்கவாட்டில் வளைந்த வால்வு இருந்தால் இத்தொல்லை இல்லை. நன்கு ஆராய்ந்து, மகளைக் கேளாமலே பல வகையும் கலந்த ஒரு பெட்டி வரவழைத்தேன்.

"தீபாவளிக்குள்ள இது போகலைன்னா, சரக்கு எடுக்குற விஷயத்துல நீங்க தலையிடவே கூடாதும்மா" என்று மலர்க்கொடி தீர்ப்பளித்தாள். கடையின் மெக்கானிக் முத்தையா பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தார்: "டீச்சர், நம்மூர்ல டயரைக் கட்டைவிரலால அமுக்கிப் பார்த்துட்டுப் போறவய்ங்கதான் அம்புட்டுப் பேரும். இதை யாரு வாங்குவா?"

வேட்டியும் கரியும்

முதலில் வாங்கியவர் வண்டியூரிலிருந்து ஸ்கூட்டரில் வரும் அர்ச்சகர். காற்றுப் பார்க்கக் குனிந்தால் வேட்டியில் கரி. கையை நீட்டினால் விரலில் சூடு. பின்சக்கரத்தில், புகைக்குழாயில் இடிக்காமல் வெளிப்புறம் பார்க்கும்படி வால்வைத் திருப்பிப் பொருத்தச் செய்தேன். அவரையே அழுத்தமானியை வைத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்; வேட்டியையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். "டீச்சர், இனிமே காத்து பார்த்த கையோட நேரே சன்னதிக்கே போயிடலாம் போலிருக்கே!"

பளபளப்புக்கு மறுப்பு

புது மோட்டார் சைக்கிளுடன் வந்த இளைஞர் ஒருவர், வெள்ளியாய் மின்னும் நீண்ட வால்வுதான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். விற்க மறுத்தேன். அதை முன்சக்கரத்தில் வைத்துப் பிடிக்கச் சொல்லி, சக்கரத்தை மெல்லச் சுற்றவைத்தேன். பாதிச் சுற்றிலேயே வால்வின் நுனி பிரேக்கில் இடித்து நின்றது. குட்டையான வால்வைத் தேர்ந்துகொடுத்தேன். உடன் வந்த நண்பர் அவரிடம் சொன்னார்: "மாப்ள, டீச்சர் மட்டும் இல்லேன்னா நீ இன்னைக்குப் பாலத்துல பறந்திருப்ப, பார்த்துக்க!"

முட்டை வண்டி

காதர் பாய் வாடிப்பட்டி வரை கடைகளுக்கு மோட்டார் சைக்கிளில் முட்டை கொண்டுசெல்பவர். பாரம் ஏற்றியபின் காற்றைக் கூட்ட வேண்டும்; ஆனால் அடுக்கிய முட்டை அட்டைகளோடு வண்டியைச் சாய்த்து, நேர் வால்வைத் தேட இயலாது. குறைந்த காற்றிலேயே ஓட்டுவார். வண்டி அலைந்து முட்டைகள் உடையும். சுமை வண்டிக்கு, அசைந்து காற்று விடக்கூடிய ரப்பர் அடியுள்ளது வேண்டாமென்று, நட்டு வைத்து இறுக்கும் வளைந்த உலோக வால்வைக் கொடுத்தேன்.

அடுத்த வாரம், தீபாவளிக்கு முன்னரே, முட்டை வியாபாரிகள் கூட்டமாகவே வந்து நின்றார்கள். முன்னால் நின்ற பாய் சொன்னார்: "மாஷா அல்லா, ஒரு முட்டைகூட விரிசல் விடலை. இவங்க எல்லாருக்கும் அதையே போட்டுவிடுங்க டீச்சரம்மா!"

மாலையில் முத்தையா வெறும் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். "டீச்சர், அம்புட்டையும் வித்துட்டீங்களே, என் வண்டிக்கு ஒண்ணு எடுத்து வைக்கணும்னு இருந்தேனே!"

என் தேர்வு வென்றதன் பரிசாக, இனிக் கடைக்கு வேண்டிய சரக்கு முழுவதையும் நானே எடுக்க வேண்டும் என்று மகள் ஆணையிட்டுவிட்டதால், பணி ஓய்வு என்ற சொல்லுக்கு என் அகராதியில் இப்போது பொருள் இல்லை.