பரீட்சைக்கு உட்கார்ந்த முகம்

சவரப் பரீட்சைக்கு முகத்தை நாமேதான் கொண்டுபோக வேண்டும். என் தம்பியிடம் சொல்லி வைத்திருந்தேன். நாலு நாள் தாடியோடு வாடா என்று படித்துப் படித்துச் சொல்லியும், கீழ்பென்னாத்தூரிலிருந்து மழமழவென்று வழித்துக்கொண்டு வந்து நின்றான்.

"ஆபீசர் முன்னாடி தாடியோட எப்படிக்கா உக்கார்றது?"

"உன்னை நம்பி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்டா!" அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

செங்கம் ரோட்டில் எங்கள் சலூன். வண்டியிலிருந்து விழுந்ததில் என் வீட்டுக்காரருக்கு வலது கை விரல்கள் மடங்காமல் போயின. அதிலிருந்து அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நான் தொழில் பழகினேன். "கிழங்கு சீவுறியா, முகம் வழிக்கிறியா?" என்று தினமும் திட்டு. முடிவெட்ட உட்காருகிறவர்கள்கூட, பொம்பளை கையில் சவரக்கத்தியைப் பார்த்தால் எழுந்துவிடுவார்கள். சான்றிதழை மாட்டினால் உட்காருவார்கள் என்று நம்பினோம். அது கிடைக்காவிட்டால் கடையைக் காலி செய்துவிடுவது என்று முடிவு.

வேங்கிக்கால் பயிற்சி மையத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். தேர்வாளர் தம்பியின் கன்னத்தைப் பார்த்தார். "இவர்கிட்ட என்னம்மா எடுப்பீங்க? வேற ஆள் இல்லன்னா அடுத்தவங்களைக் கூப்பிட்டுடறேன்."

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கை போனதிலிருந்து, இன்னொரு கடைக்காரனிடம் முகத்தைக் கொடுக்க மாட்டேன் என்று தாடி வளர்த்துக்கொண்டிருந்தவர். வேண்டுதல் என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். என்னையும் தொடவிட்டதில்லை.

தாடியைக் கத்தரியால் குறைத்து, நுரை போட்டு, தேர்வாளர் கண்ணெதிரே புது பிளேடு மாட்டினேன். "கத்தியைச் சாய்ச்சு..." என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"மாஸ்டர், நீங்க பேசினா அவங்களுக்கு மார்க் போயிடும்" என்றார் தேர்வாளர். வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

தொண்டைக்கு வந்தபோது எச்சில் விழுங்கினார். சட்டென்று கத்தியை எடுத்துவிட்டேன். பாவி மனுஷன், பயந்துபோயிருந்தார். நானும்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு மீதியை வழித்தேன். தாடிக்குள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை.

தேர்வாளர் விரலால் தடவிப் பார்த்தார். "ஒரு கீறல் இல்ல. பாஸும்மா."

வீட்டுக்காரர் கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். திட்டத்தான் போகிறார் என்று நின்றேன்.

"நான் பண்ண மாதிரியே இருக்குடி" என்றார். அப்புறம், அத்தனை பேர் முன்னாலும், மடங்காத கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.